டாக்டர் கார்த்திகேசு

கணினியில் தன் பெயரைத் தேடிய டாக்டர் கோகுலனுக்கு இரண்டு கோகுலன்கள் கிடைத்தார்கள். ஒருவர் ‘கோகுலன் கா.’, இன்னொருவர் ‘கார்த்திகேசு கோ.’.

“பஷீர் அண்ணே, என்னைய ரெண்டா வெட்டி வெச்சிருக்கானுங்க!”

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கைப் பார்ப்பவர் பஷீர். திரையை எட்டிப் பார்த்ததுமே அவருக்கு வியாதி புரிந்துவிட்டது. நம்மூர்த் தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? தன் பெயர், பிறகு மகன் என்று மலாயில் சொல்ல ஓர் ‘அனாக் லெலாக்கி’, பிறகு அப்பா பெயர். உலகத்து ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் பட்டியல் போடும், கடல் கடந்து எங்கோ இருக்கும் தரவுத்தளத்துக்கு இதெல்லாம் தெரியுமா? பாதிக் கட்டுரைகளைக் கோகுலன் பெயரில் போட்டது, மீதியை அப்பா பெயரில் போட்டது. அப்பா கார்த்திகேசு சுங்கை பாக்காப்பில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

திங்கட்கிழமை பதவி உயர்வுக் கமிட்டி கூடுகிறது. இணைப் பேராசிரியர் ஆக எச்-இண்டெக்ஸ் குறைந்தது பத்து வேண்டும் என்று கெண்டீனில் எல்லாரும் சொன்னார்கள். அதாவது பத்துக் கட்டுரைகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் பத்துத் தடவையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். கோகுலனுக்கு எட்டு. ஏற்கெனவே இரண்டு தடவை விண்ணப்பித்துத் தோற்றாயிற்று. அவரிடம் படித்த அஃபிக் இப்போது துறைத்தலைவன். ஒரு நாள் லீவு வேண்டுமானாலும் அவனிடம்தான் போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டும். அந்த அவமானம் கோகுலனுக்குத் தாங்கவில்லை.

“ரெண்டையும் ஒட்டிட்டா பத்து வந்துரும்லா, அண்ணே?”

“ஒட்டலாம் தம்பி. ஆனா ஒட்டினா ஒட்டினதுதான். மறுபடி பிரிக்கிற பட்டனே இதுல கிடையாது.”

“என்னைய எதுக்குப் பிரிக்கணும்? ஒட்டுங்க!”

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், எட்டு ஆறாகியிருந்தது.

“என்னண்ணே, கூட்டினா கொறையுது?”

பஷீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, இந்தக் கார்த்திகேசு உங்கள எத்தன தடவ மேற்கோள் காட்டியிருக்காரு தெரியுமா? எழுபத்து மூணு! நேத்து வரைக்கும் அது வெளியாள் பாராட்டு. இப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு ஆச்சு. தன் முதுக தானே தட்டிக்கிட்ட கணக்கு. மொத்தமா கழிச்சுட்டான்.”

கோகுலன் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. கார்த்திகேசு என்ற பெயரில் இன்னும் பதினான்கு கட்டுரைகள் இருக்கின்றன, அவையும் உங்களுடையவையா?

“ஒவ்வொண்ணா பாத்து அமுக்குங்க தம்பி,” என்றார் பஷீர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கோகுலன் பதினான்குக்கும் ‘ஆம்’ என்று அமுக்கினார். இண்டெக்ஸ் பன்னிரண்டுக்குத் தாவியது! பஷீரைக் கையோடு இழுத்துப்போய் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தார். தட்டில் கை வைப்பதற்குள் போன் அடித்தது. பட்டர்வொர்த்தில் பல் டாக்டராக இருக்கும் அக்கா ஜெயலெட்சுமி.

“டேய், என் பல்லெல்லாம் எங்கடா?”

“என்னக்கா சொல்ற?”

“பத்து வருஷமா பிள்ளைங்களோட பால்பல்ல ஆராய்ச்சி பண்ணி எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்குப் பாத்தா ஒண்ணத்தையும் காணோம். எல்லாம் உன் பக்கத்துல இருக்கு! கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு எதுக்குடா பால்பல்லு?”

அக்காவுக்கும் அதே அப்பாதான் என்பது கோகுலனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கல, அப்பாகிட்ட சொல்லிருவேன்!”

நாற்பத்தாறு வயது டாக்டர் கோகுலன் நடுங்கிப்போனார். சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, பற்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார். ஒட்டிய பெயரைப் பிரிக்கத்தான் பட்டன் இல்லை, கட்டுரையை இன்னொருவருக்கு மாற்றிவிட இருந்தது. தரவுத்தளம் தாராள மனசுடன் கோகுலனுடைய ஆகச் சிறந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்து அக்காவுக்கே கொடுத்துவிட்டது. இண்டெக்ஸ் நாலு.

“அக்கா, நெட்வொர்க் பாதுகாப்புன்னு ரெண்டு கட்டுரை உன் பக்கம் வந்திருக்கும். அது என்னோடது.”

“அப்படியா? பாக்க நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்லா,” என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. இனி அஃபிக்கிடம் லீவு கேட்டே ஓய்வு பெற வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை டீன் அலுவலகத்துக்குப் போய், கிளார்க் நஸீஹா முன்னால் நின்றார்.

“விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிறேன்மா. நாலுங்குற நம்பர வெச்சுக்கிட்டு உள்ள போக வெக்கமா இருக்கு.”

“நம்பரா?” நஸீஹா சிரித்துவிட்டாள். “அத யாரு பாக்குறா டாக்டர்? வெளியாள் ஒருத்தரு உங்களப் பத்தி நல்லா எழுதிக் குடுத்தா போதும், கமிட்டி கண்ண மூடிக்கிட்டு ஓகே பண்ணிரும். உங்கள ரொம்ப அதிகமா மேற்கோள் காட்டினவரு யாருன்னு பாத்து, போன வாரமே சிஸ்டம் ஒருத்தர எடுத்து வெச்சிருச்சு.”

கோகுலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “யாரும்மா அந்தப் புண்ணியவான்?”

நஸீஹா கோப்பைப் புரட்டினாள். “யாரோ டாக்டர் கார்த்திகேசுவாம். கூட்டத்துக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதி வாங்கிரலாம்னு இன்னிக்குத் தேடினா, போன வாரம் இருந்தவரு இப்ப இல்லவே இல்லங்குது. உங்களுக்கு அவரத் தெரியுமா டாக்டர்?”