பெண் பார்க்க வந்த அன்று நான் ஓடிய ஓட்டம்

தன் உடம்பைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதை அதிகம் வதைக்கிறார்கள். நான் அதில் முதல் வரிசை.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையை இறக்க, கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைப் பக்கம் தினமும் காலையில் ஓடினேன். நாய் துரத்தினால் ஓடுவோமே, அந்த ஓட்டம். மூச்சு முட்டினால்தான் கொழுப்பு கரையும் என்பது என் கண்டுபிடிப்பு. என் கணவர் பின்னால் மெதுவாக நடந்து வருவார். ("இது நடையா, ஊர்வலமா?" என்று கேட்பேன்.) சில மாதங்களில் அவருடைய தொப்பை இறங்கிவிட்டது. என்னுடையது அப்படியே இருந்தது. ஓடிவிட்டு வந்த பசியில் பொங்கலை ஒரு பிடி பிடிப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தங்கை வனிதாவைப் பெண் பார்க்க வந்த அன்றும் ஓடினேன். அவளுக்குக் கைகூடி வந்த இரண்டு இடங்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. அந்தக் கவலையையும் சேர்த்து ஓடியதில், அணைக்கு அருகே கால்கள் நெருப்பாக எரிந்தன. சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. பின்னாலிருந்து என் கணவர், "போதும் கவிதா, வூட்டுக்கு வா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அந்த வழியாக வந்த வேன் ஒன்று நின்றது. ஓர் அம்மா இறங்கிவந்து என் தலையைத் தாங்கிக்கொண்டார்.

"பொம்பளய இப்பிடி ஓட வுட்டுட்டு நீ பாட்டுக்கு நடந்துகினு வர்றியேப்பா. வூட்ல இன்னா சண்ட?" என்று என் கணவரைக் கேட்டார்.

"சண்டையெல்லாம் இல்லங்க. அவ டெய்லி ஓடுவா."

"டெய்லியா?" அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மறுத்துச் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்து, புடவை மாற்றி, கேசரித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அதே அம்மா. நல்ல நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் அணையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். "நீயா?" என்றார். அப்பாவின் முகம் வெளுத்தது. வனிதா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டில் சண்டை எதுவும் இல்லை, எடை குறைக்கத்தான் ஓடினேன் என்று சொன்னேன். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை.

மாப்பிள்ளை கள்ளக்குறிச்சியில் பிசியோதெரபிஸ்ட். அதுவரை வாய் திறக்காதவர், "அம்மா, அவங்க சொல்றது நெசம்தான்" என்று தொடங்கினார். "அக்கா, அந்த வேகத்துல தசை சர்க்கரையத்தான் ஜாஸ்தி எரிக்கும். அப்ப லாக்டேட்டுன்னு ஒண்ணு ரத்தத்துல ஏறும். அது கொழுப்பு செல்லுங்கள, 'இப்ப கொழுப்ப வெளிய வுடாத'ன்னு தடுக்கும். பேசிக்கினே நடக்கற வேகம்னா லாக்டேட்டு கம்மி. கொழுப்பு நல்லா எரியும்."

"அப்ப அது விஷமா தம்பி?"

"இல்லக்கா. இதயமே அத எரிச்சு வேல செய்யும். ஓட்டமும் தப்பில்ல, கொஞ்சங்கொஞ்சமா பழகணும். சாப்பாட்டையும் பாக்கணும்."

அவருடைய அம்மா என் கணவர் பக்கம் திரும்பி, "மனசுல வச்சுக்காதப்பா. நீ நடந்ததுதான் சரி" என்றார். என் கணவர் இன்னொரு தட்டு கேசரி வாங்கிக்கொண்டார். சம்பந்தம் முடிவானது.

மறுநாளிலிருந்து நானும் அவரோடு நடந்தேன், பேசிக்கொண்டே. வேலையை விட்டுவிடலாமா என்று அவர் வெகுநாளாகத் தவித்துக்கொண்டிருப்பது அந்தச் சாலையில்தான் எனக்குத் தெரிந்தது. முன்பே பலமுறை சொன்னாராம். நான் காதில் விழாத தூரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வனிதாவின் மகளை இந்த வருடம் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டில் யார் யார் என்று டீச்சர் கேட்டதற்கு, "அப்பா, அம்மா, லாக்டேட் பெரியம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

"லாக்டேட்டா? அது எந்த ஊரு பாப்பா?" என்றாராம் டீச்சர்.