மாமனாரின் மீசையும் ரோஸ் நிற மாவும்

பல்செட்டுக்கு அளவெடுக்க வாயில் மாவு ட்ரேயை வைத்த பிறகு ஒருவரிடம் கேள்வி கேட்கக் கூடாது. பல் டாக்டர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் எல்லோரும் கேட்போம். "ஊருல மழைங்களா?" என்போம், அவர் "ங்ங்" என்பார். நான் மட்டும் கேட்கவே மாட்டேன். நான் ரொம்ப நல்லவள் என்பதால் அல்ல. என் கல்யாணமே அப்படிப்பட்ட ஒரு கேள்வியில்தான் முடிவாயிற்று.

அப்போது படிப்பை முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போளூரில் ஒரு சீனியர் டாக்டரிடம் வேலை. கடைவாய்ப் பல் வலியென்று வந்த பழனி வாத்தியாருக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டேன். வலி போன பிறகும் வாராவாரம் வந்தார். (பிடுங்கிய இடத்தைக் காட்டத்தான் வந்தாராம். இன்றைக்கும் அப்படித்தான் சாதிக்கிறார்.) அவருக்குச் சொந்த ஊர் காவலூருக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அந்தப் பெரியவர் வாயால சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நான் தடுக்க மாட்டேன்."

பெரியவர் என்றால் பழனியின் அப்பா. சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிறவர். ஆறு மாதமாக அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கீழ்நாட்டு டாக்டர் பெண், இருக்கிற ஒரே மகனை மலையை விட்டுக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயப்படுகிறார் எனப் பழனியின் அம்மா சொல்லியனுப்பினார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்லும் கிடையாது என்பது உபரிச் செய்தி. எனக்கு உடனே மூளை வேலை செய்தது. பல்செட் கட்டிக் கொடுத்தால் மனிதர் மனமும் இளகும், வாயும் திறக்கும். (எவளாவது இப்படி மாமனாரைப் பிடிப்பாளா?)

மார்கழிக் காலையில் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சீனியர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியனுப்பினார். அளவெடுக்கிற ரோஸ் நிற மாவை வெந்நீரில் கலக்காதே, கலந்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். ட்ரேயில் கொஞ்சமாக வை. தலையை முன்னால் சாய்க்கச் சொல். மீசைக்காரராக இருந்தால் முதலில் வாஸ்லின் தடவு. "தெரியும் சார்" என்றேன். "தெரியும் சார்" என்று சொன்னவர் எவரும் உருப்பட்டதில்லை.

பழனி முதல் நாளே வந்து சொல்லிவைத்திருந்ததால், பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டு, முற்றத்து வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். மீசை என்றால் அப்படி ஒரு மீசை. கன்னத்தில் பாதியை அதுதான் ஆண்டுகொண்டிருந்தது. நான் தண்ணீர் கேட்டேன். அத்தை (அன்றைக்கு அவர் பழனியின் அம்மாதான், இருந்தாலும் மனசுக்குள் அத்தை ஆக்கிவிட்டேன்) ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். பதற்றத்தில் பார்க்காமல் ஊற்றி நாலு கிண்டு கிண்டினேன். கரண்டி கிண்ணத்தில் நட்டுக்கொண்டு நின்றது. சொம்பில் ஆவி பறந்தது.

"கை விறைச்சிப் போவுமேன்னு காய வெச்சி எடுத்தாந்தேம்மா" என்றார் அத்தை.

கோபப்பட முடியுமா? பாசத்தோடு கொடுத்த வெந்நீர். பெரியவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "இன்னா, களி பதம் தப்பிப்போச்சா?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மானம் போன வேகத்தில் நானே கிணற்றில் தண்ணீர் சேந்திவந்தேன். அதன் குளிரில் ஐஸ் தோற்றது. இந்தத் தடவை தப்பவே கூடாது என்று ட்ரேயில் மாவைக் கோபுரமாகக் குவித்தேன். தலையைச் சாய்க்கச் சொல்ல மறந்தேன். வாஸ்லினையும் மறந்தேன். வாயில் வைத்து அழுத்தியதும் மாவில் பாதி தொண்டைக்குள் இறங்கியது, பாதி மீசையில் ஏறியது. அவருக்குக் கண் பிதுங்கி, வயிறு குமட்டியது. கல்லூரியில் சொல்லிக் கொடுத்த கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். மூக்கால் மூச்சு விடச் சொன்னேன், இடது காலை நீட்டித் தூக்கி அதையே பார்க்கச் சொன்னேன். கவனம் காலுக்குப் போனால் குமட்டல் நிற்கும். நின்றது. ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு மாவு சீக்கிரம் இறுகுவதாக இல்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பாதியில் எடுத்தால் கூழ் தொண்டையில் தங்கிவிடும். அவர் கால் அந்தரத்திலேயே நின்றது. நான் விடவில்லை.

அப்போதுதான் அத்தை எதிரே வந்து நின்றார். கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஆறு மாதமாகப் பிடிகொடுக்காமல் எழுந்து போன பெரியவர், இன்றைக்கு எழுந்திருக்கவும் முடியாது, பேச்சை மாற்றவும் முடியாது.

"யோவ், இந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்கு மருமவளா வர்றதுல உனக்குச் சம்மதம் இல்லன்னா, காலைக் கீழ வெச்சிடு" என்றார்.

பெரியவர் முறைத்தார். கால் மெல்ல இறங்கியது. கூடவே குமட்டல் ஏறியது. கால் பழையபடி விருட்டென்று மேலே போய்விட்டது.

"பாத்துக்கடா பழனி, அப்பா சரின்னுட்டாரு."

ஐந்தாவது நிமிடம் மாவு இறுகியது. இழுத்தேன். கூடவே மீசையும் வந்தது. வலது பக்கத்து மீசை மாவுக்குள் சிக்கிக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ட்ரேயை எடுத்தோம். பழனி வீட்டுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டார். (சிரிக்கத்தான்.) பெரியவர் கண்ணாடி வாங்கி, பாதி மீசையை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிடுங்கய்யா, நான் சொன்னதாலதான் நீங்க காலைத் தூக்கினீங்க, அது சம்மதம் இல்லைங்க என்று மூக்கை உறிஞ்சியபடி சொன்னேன். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

அவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காலை நீட்டித் தூக்கினார்.

"இப்ப யாரும் சொல்லல, நானேதான் தூக்குறேன். அஞ்சி நிமிசம் உடாம புடிச்சிக்கினு நின்னுச்சி. இது உட்டுட்டுப் போற பொண்ணு இல்ல" என்றார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். வாயால சொன்னாரா என்று கேட்டார். முதலில் காலால்தான் சொன்னார் என்றதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது அளவு ஒழுங்காக வந்தது. கல்யாண போட்டோவில் மாமா புதுப் பல் தெரியச் சிரிக்கிறார். மீசை மட்டும் சின்னப் பையனுக்கு முளைத்தது போல இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சம்மதத்துக்கு யாரும் தலையாட்டுவதில்லை. என் மகளிடம் தோசை வேண்டுமா என்றால் காலைத்தான் தூக்குவாள்.

போன மாதம் மாமாவின் பல்செட் லூசாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, புதுசா அளவெடுக்கலாமா மாமா என்று கேட்டேன். மாமா ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.