லியாங் நாற்காலி கொண்ட படலம்

முதுகுத்தண்டின் அடிக்கண்ணியில் அணையாத அடுப்பொன்றைச் சுமந்தவனும், குனிந்தால் நிமிரவும் நிமிர்ந்தால் குனியவும் அஞ்சுபவனும், தைல நெடி முன்னே வரத் தான் பின்னே வருபவனும், சீனத்து ஃபுஜியான் கடற்கரையில் பிறந்து அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷன் கிடங்கொன்றில் தண்ணீர் பாட்டில் கேஸ் இறக்குபவனுமாகிய லியாங் வாழ்க. அவன் இடுப்புப்பட்டை வாழ்க. வில் பிடித்தவனைப் பாடியாயிற்று, வேல் பிடித்தவனைப் பாடியாயிற்று. பெட்டி பிடித்தவனைப் பாட ஆளில்லை, ஏனென்றால் பாடத் தெரிந்தவன் எவனும் பெட்டி தூக்கியதில்லை. ஆகவே, நாவில் உறையும் தேவியே, உனக்கு வேலை வந்திருக்கிறது. கையுறை மாட்டிக்கொண்டு வா.

அக்கிடங்கின் நடுவே, கண்ணாடிக் கூண்டுக்குள், சுழலும் அடியும் சாயும் முதுகும் உடையதாய், கார்மேகத்தைக் கிள்ளி வைத்தாற்போல் மெத்தென்று விளங்கியது ஒரு நாற்காலி. சூப்பர்வைசர் நாற்காலி. அதில் அமர்ந்தவன் பெட்டியைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி. அமர்ந்திருந்தவர் ரிட்டையராகி ஃப்ளோரிடா போய்விட, அரியணை காலியானது. இன்னும் ஒரு வருஷம் சுமை தூக்கினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் கையை விரித்திருந்த லியாங்குக்கு அந்த மெத்தையே மோட்சம். மோட்சத்தின் வாசலில் இரண்டு பூதங்கள் நின்றன: உயர்தர ஆங்கிலச் சொற்களில் ஓர் எழுத்துத் தேர்வு, அதைத் தாண்டினால் மேனேஜர் முன்னே ஒரு நேர்முகம்.

புத்தகத்தைத் திறந்தான். திறந்த மாத்திரத்தில் புழுதி பறக்க எழுந்தது பகைப்படை. முன்னணியில் யுபிக்விட்டஸ், எங்கும் நிறைந்தது என்று பொருள்பட்டும் நினைவில் மட்டும் நில்லாதது. வலப்புறம் டிஸ்க்ரெபன்சி, கணக்கு உதைப்பதைச் சொல்ல வந்து தானே வாயில் உதைப்பது. இடப்புறம் எக்ஸாசர்பேட், உள்ள நோயை இன்னும் கூட்டுவது. பின்னே யானைப்படையாய் அசைந்தது நாட்வித்ஸ்டாண்டிங், மூன்று சொற்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்ற கோலம். லியாங்கின் மொழியில் கம்ப்யூட்டர் என்றால் மின்மூளை. ஒட்டகச்சிவிங்கி என்றால் நெடுங்கழுத்து மான். சொல்லைப் பிரித்தால், அட்டைப்பெட்டியைக் கீறினால் பாட்டில் விழுவதுபோல், பொருள் பொத்தென்று கையில் விழும். இந்த அரக்கர்களையோ எந்தப் பக்கம் கீறுவது என்றே தெரியவில்லை.

அப்பொழுது தோன்றினான் சேனாபதி, பெயரிலேயே படை வைத்திருந்தவன், மனைவி சாந்தியின் ஐடி வேலையை நம்பி ஈரோட்டிலிருந்து வந்து லாரிகள் வந்து நிற்கும் அதே ஏழாம் கதவில் அதே தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தவன். ரயிலுக்குத் தன் ஊரில் நெருப்பு வண்டி என்று பெயர் என்றான் லியாங். தன் ஊரில் புகைவண்டி என்றான் சேனாபதி. நெருப்பும் புகையும் பார்க்கிங் லாட்டில் கைகுலுக்கின. அக்கணமே திசையெட்டும் அதிர சேனாபதி பிரகடனம் செய்தான்: “ஒன் வேர்ட், ஒன் லோட்.” அதாவது, சேனாபதி ஒரு சொல்லைச் சொல்லித் தந்தால் சேனாபதி பங்கின் ஒரு லோடை லியாங் இறக்க வேண்டும். இடுப்பைக் காப்பாற்றச் சொல் தேடி, அந்தச் சொல்லுக்கு விலையாக அதே இடுப்பைக் கொடுத்தான் எம் வீரன். வேறு எதுவும் அவனிடம் இல்லை.

செய்தி கேட்ட சாந்தி, சமையலறையிலிருந்தே அம்பு விட்டாள்.

“உங்க இங்கிலீஷையே நம்ம பொண்ணு ஓவியா டெய்லி கரெக்ட் பண்றா. நீங்க இன்னொருத்தருக்கு டியூஷனா?”

“அவ கரெக்ட் பண்றது ஆக்சென்ட்டை. நான் சொல்லித் தர்றது மீனிங்.”

“அந்தப் பாவம் யாரு பெத்த புள்ளையோ,” என்றாள் சாந்தி.

போர் மூண்டது. மெட்டிகுலஸ் என்னும் மாயாவி பலநாள் பிடிபடாமல் வழுக்கியபோது, சேனாபதி தன் வேலட்டிலிருந்து கல்யாணப் போட்டோவை உருவி, சாந்தியின் கால்விரலைக் காட்டி, இது மெட்டி, இதை மாட்டும்போது அன்று எவ்வளவு நுணுக்கமாகக் கவனம் எடுத்தேனோ அவ்வளவு கவனமே மெட்டிகுலஸ் என்று உபதேசித்தான். லியாங் அதைச் சீனத்தில் எழுதி, தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் உச்சரித்தான். இவ்வாறு மும்மொழிச் சேனையும் ஒரு கால்விரலுக்காகத் திரண்ட காட்சியை பார்க்கிங் லாட்டின் வேலியோரப் பேருந்துநிறுத்தம் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. நாளுக்கொரு அரக்கன் சாய்ந்தான். நாளுக்கொரு லோடு இறங்கியது. சேனாபதியின் தோள் பூரித்தது; லியாங்கின் இடுப்பு வில்லாய் வளைந்தது.

தேர்வு நாள் காலையில், காரைப் பூட்டும்போது லியாங் கடைசியாய் ஓர் ஆயுதம் கேட்டான்: இத்தனை நாள் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றினோமே, அந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் உண்டா? ஈரோட்டு பாலிடெக்னிக்கில் அரியர் மேல் அரியர் எழுதிய சேனாபதி ஒரு கணமும் யோசிக்கவில்லை. “மக்,” என்றான். நேரமாகிவிட்டதால் அதற்குரிய லோடு கடனில் நின்றது.

எழுத்துத் தேர்வில் லியாங் வாழைத்தோட்டத்தில் புகுந்த யானையானான். யுபிக்விட்டஸ் மண்ணைக் கவ்வியது. நாட்வித்ஸ்டாண்டிங் உட்கார்ந்துவிட்டது. விடைத்தாளைக் கண்ட மேனேஜர் வியந்து, நேர்முக அறையில், இவ்வளவு சொற்களை எப்படிச் சேர்த்தாய் என்று கேட்டார்.

லியாங் நெஞ்சை நிமிர்த்தினான். இடுப்பு அனுமதித்த அளவுக்கு.

“ஐ மக். எவ்ரி டே. பார்க்கிங் லாட்.”

மேனேஜரின் பேனா நின்றது. அவர் நாட்டில் அச்சொல்லுக்கு, ஆளை மடக்கி அடித்துப் பறிக்கும் வழிப்பறி என்று பொருள். தனியாகவா என்று அவர் மெல்லக் கேட்டார்.

“நோ, நோ. வித் சேனாபதி. ஹீ இஸ் வெரி மெட்டிகுலஸ்.”

செக்யூரிட்டியை அழைக்க மேனேஜரின் கை போனை நோக்கி, பாம்புப்புற்றை நோக்கும் கருடன்போல் தாழ்ந்தது. நாற்காலி நழுவியது; ஆபரேஷன் கத்தி மினுங்கியது. அப்போது மூலையில் எச்.ஆர். சார்பாக அமர்ந்திருந்த நாகர்கோவில் ஜோசபின், உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கி, எழுந்து சபைக்கு அறிவித்தாள்: இது இந்தியன் மக், எங்கள் காலேஜ்களில் மனப்பாடத்துக்கு இதுதான் பெயர், இதில் யாருக்கும் அடிபடாது. கை போனைவிட்டு எழும்பியது. மேனேஜர் சிரித்தார், சிரித்த வேகத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஜோசபின் நேரே ஏழாம் கதவுக்கு வந்தாள்.

“சேனாபதி அண்ணா, அந்த மனுஷனுக்கு என்னத்த சொல்லிக் குடுத்தீங்க? உங்க ரெண்டு பேரையும் போலீஸ்ல குடுக்க இருந்தாங்க.”

“மக் அடிச்சோம்னு சொல்லிருப்பாரு. அதுல என்னங்க தப்பு?”

“ஒண்ணும் இல்ல. வேற எந்த வார்த்தை குடுக்கிறதா இருந்தாலும் மொதல்ல உங்க பொண்ணுகிட்ட கேட்டுக்கோங்க.”

மறுவாரம் லியாங் அரியணை ஏறினான். மெத்தை பெருமூச்சு விட்டது. அவன் இடுப்பும் விட்டது. ஏழாம் கதவில், தரையிலிருந்து கூரைவரை தண்ணீர் கேஸ் அடுக்கிய ட்ரெய்லர் ஒன்று வாய் பிளந்து நிற்க, அதன் முன்னே தன்னந்தனியே, பழக்கம் விட்டுப்போன தோளோடு நின்ற சேனாபதி கண்ணாடிக் கூண்டை ஏறிட்டுப் பார்த்தான். வாக்குத் தவறாத வீரன் கையுறையோடு எழுந்து ஓடிவந்தான்; முதல் கேஸில் கை வைக்குமுன், சூப்பர்வைசர் பெட்டியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று ஜோசபின் தூரத்திலிருந்தே கையாட்டினாள். லியாங் விதியை நினைத்தான், டாக்டரை நினைத்தான், மெல்லத் திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

மக் என்ற சொல்லுக்கு லியாங் சேனாபதிக்கு ஒரு லோடு தண்ணீர் இறக்கித் தர வேண்டியது இன்னும் பாக்கி.