எல்லாம் ஒன்றுதான் என்றீர்களே மாப்பிள்ளை

கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு, துணி வெட்டிப் பிழைக்கும் மாமா மரியாதையுடன் எழுதுவது.

நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற எந்த அளவிலும் இல்லை. நீங்களும் என் மகளும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் "அப்புறம் பேசுறேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பாருங்கள், அதனால்தான் கடிதம்.

நேற்று உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் ஆபீஸ் கொடுத்த மன்னிப்புப் படிவத்தில் இங்கிலீஷில் ஆறு சொல் இருக்கிறது, டீஸ், மாக், டான்ட், ஜியர், ஸ்னியர், இன்சல்ட், இதில் நான் செய்தது எது என்று. பதினோரு வருஷமாக அந்த பாஷையைப் பாடம் நடத்தும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எதையாவது ஒன்னை டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க மாமா, எல்லாம் ஒன்னுதான்." எல்லாம் ஒன்றுதானாம். நாற்பது சைஸுக்கும் நாற்பத்திரண்டுக்கும் ரெண்டே அங்குலம்தான், எல்லாம் சட்டைதான் என்று நான் தைத்துக் கொடுத்தால் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போவீர்களா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். யூனிஃபார்ம் தைக்கும் எங்கள் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு புது மேனேஜர் வந்தார். உங்கள் வயசுதான் இருக்கும். நல்ல பையன்தான், ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்த ஆள் இல்லை. கைக்கான துணியை நாங்கள் எப்படி விரிப்போம் என்றால், ஒரு மடிப்பில் துணியின் நல்ல பக்கம், அதாவது முகம், மேலே, அடுத்த மடிப்பில் முகம் கீழே. அப்போதுதான் ஒரே வெட்டில் இடது கையும் வலது கையும் ஜோடியாக வரும். இவர் கம்ப்யூட்டரில் எதையோ போட்டுப் பார்த்துவிட்டு, எல்லா மடிப்பையும் முகம் மேலே வைத்தே விரிக்கச் சொன்னார். இந்தத் துணி ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் மங்கல், திருப்பிப் போட்டுத் தைக்கவும் முடியாது. நான் சொன்னேன், "சார், இப்படி விரிச்சா எல்லாம் ஒரே கையா வரும்." அதற்கு அவர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "மாஸ்டர், இது உங்க காலம் இல்ல" என்றார். இது அந்த ஆறில் எந்தச் சொல் என்று அவரிடம் யாராவது படிவம் நீட்டினார்களா? கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, சொன்னபடி விரித்தேன். சொன்னபடி வெட்டினேன். ஒரு நூல் பிசகவில்லை. இருநூற்று நாற்பது கை, அத்தனையும் இடது கை.

முதல் பத்து சட்டை தைத்து வந்ததும் ஒன்றை எடுத்து வாசல் பக்கம் நிற்கும் பொம்மைக்கு மாட்டினேன். மாட்டிப் பார்ப்பது என் வேலை மாப்பிள்ளை, என் வேலையைத்தான் செய்தேன். ஒரு கை ஒழுங்காகத் தொங்குகிறது, இன்னொன்று முறுக்கிக்கொண்டு, யாரோ முதுகுக்குப் பின்னால் லஞ்சம் வாங்குகிற மாதிரி நிற்கிறது. தையல் வரிசையில் ஒரு அம்மா பார்த்துச் சிரித்தார். அப்புறம் வரிசையே சிரித்தது. கால் மணி நேரம் ஒரு மிஷினும் ஓடவில்லை. யாரோ போனில் போட்டோ வேறு எடுத்திருக்கிறார்கள். மேனேஜரின் அடையாள அட்டை அந்தப் பொம்மையின் கழுத்தில் தொங்கியது உண்மைதான். கட்டிங் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், தேடி வந்தால் கண்ணில் படட்டும் என்று உயரமான இடமாகப் பார்த்து மாட்டினேன். இதில் என்ன தப்பு?

மறுநாள் ஆபீஸ் அம்மா கூப்பிட்டு அந்தப் படிவத்தை நீட்டினார். "மாஸ்டர், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள ஒரு சொல்லுக்கு டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. இல்லன்னா திங்கள்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு மேல சொல்றாங்க." இருபத்திரண்டு வருஷம் ஒரு டிக்கில் நிற்கிறது. நீங்கள் போனை வைத்த பிறகு, போன லீவில் இங்கே விட்டுப்போன உங்கள் அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். அந்த அகராதியை நீங்கள் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஜியர் என்றால் கும்பலாகச் சேர்ந்து ஊளையிடுவது. நான் ஒரு ஆள், வாயே திறக்கவில்லை. அது அடிபட்டுப்போச்சு. டான்ட் என்றால் ஒன்றையே திரும்பத் திரும்பக் குத்திக்காட்டி, எதிராளி சண்டைக்கு வரும்வரை விடாமல் இருப்பது. அதற்கு நம் வீட்டில் உங்கள் அத்தை இருக்கிறார். நான் குடையைத் தொலைத்து ஒன்பது வருஷம் ஆகிறது, இன்றைக்கும் லேசாகத் தூறினால் போதும், "வெளிய போறீங்களா, குடை இருக்கா?" என்பார். அந்த வித்தை எனக்கு வராது. ஸ்னியர் என்றால் மேல் உதட்டைச் சுழித்து இளக்காரமாகப் பார்ப்பது. மாப்பிள்ளை, எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து மீசை இருக்கிறது. என் மேல் உதட்டை உங்கள் அத்தையே பார்த்ததில்லை. யார் சாட்சி சொல்வார்கள்? மாக் என்றால் ஒருத்தர் பேசுகிற மாதிரி, நடக்கிற மாதிரி செய்து காட்டி நக்கலடிப்பது. நடித்தது நானா, பொம்மையா? இன்சல்ட் என்றால் மரியாதையைக் கெடுப்பது. நான் அவரை இன்றுவரை சார் என்றுதான் கூப்பிடுகிறேன்.

மிச்சம் டீஸ். நம்ம கிண்டல். கூட உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளைச் சீண்டுவோமே, அது. நீங்கள் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் சாப்பிட்டீர்களே, அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோமே, நீங்களும் சிரிக்கிறீர்களே, அதுதான். அதற்கு வேண்டுமானால் டிக் போடலாம். ஆனால் கிண்டல் செய்ததற்கு எதற்கு ஐயா மன்னிப்புக் கடிதம்? ஆகவே போடமாட்டேன். என் பெயருக்கு நேராக ஒரு சொல் எழுதி ஃபைலில் வைக்கப் போகிறார்கள். நான் போனபிறகும் அது அங்கேயே கிடக்கும். நான் செய்யாததற்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? வேலை போனா போகட்டும். கத்திரிக்கோல் என்னோட சொந்தம், வீட்டு வாசல்ல மேஜை போட்டு உட்கார்ந்தாலும் நாலு பேர் வருவாங்க. உங்க அத்தை அழறாங்க. அழட்டும். என் மகள்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. எல்லாம் ஒன்னுதான்னு மட்டும் சொல்லாதீங்க.

உங்கள் இருவருக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். உங்கள் மாணவர்கள் உங்களைவிட நன்றாக அகராதி பார்க்கட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்த ஒரு காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடும்
மாமா

பி.கு.: வெள்ளிக்கிழமை. தபாலில் போடலாம் என்று இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுக்க இன்று சீக்கிரமே கிளம்பிப் போனேன். இன்னும் ஆள் வரவில்லை. கட்டிங் மேஜையில் மேனேஜர் மட்டும் தனியாக உட்கார்ந்து அந்தப் பத்து சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிளேடைப் பிடிக்கத் தெரியவில்லை, விரலில் ரெண்டு இடத்தில் ரத்தம். "இப்படிப் பிடிங்க சார்" என்றேன். தலை நிமிராமலே சொன்னார், "அந்த போட்டோ எங்க வீடு வரைக்கும் வந்துடுச்சு மாஸ்டர். உங்களுக்கு ரெண்டும் இடது கையாப்பான்னு என் பொண்ணு கேட்டா. ஸ்கூல்ல யாரோ காட்டியிருக்காங்க. அவ அழுதுட்டு வந்திருக்கா."

பக்கத்தில் உட்கார்ந்து மீதி சட்டைகளை நான் பிரித்தேன். பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். ஆறு சொல்லையும் மறுபடி படித்தேன். எதற்கும் டிக் போடவில்லை, அதில் நான் சொன்ன சொல் சொன்னதுதான். கீழே இருந்த வெள்ளை இடத்தில் தமிழில் எழுதினேன்: "அட்டையை வேண்டுமென்றேதான் மாட்டினேன். ஒரு மனுஷனை அவர் பெற்ற பிள்ளை முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன்." கையெழுத்தும் போட்டேன். ஆபீஸ் அம்மா படித்துவிட்டு, "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன மாஸ்டர்?" என்றார். ஆறும் இல்லம்மா, அதுமட்டும் தெரியும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.