வெறுவயிறு அண்ணாச்சி

தென்காசியில் ‘சாப்டாச்சா?’ என்று கேட்டு, ‘ஆச்சு’ என்று பதில் வந்தால் முகம் சுருங்கிப்போகிற ஒரே மனிதர் எங்கள் வெறுவயிறு அண்ணாச்சிதான். தெருமுனையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். பத்து வயதான எல்லாப் பிள்ளைக்கும் வெறுவயிற்றில் ஒருமுறை கொலஸ்ட்ரால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

சீசனில் குற்றாலத்துக்குப் போனால், உடம்பெல்லாம் எண்ணெயோடு வரிசையில் நின்றபடி முன்னால் நிற்கிறவரிடம், “பயலுக்குப் பத்து ஆயிட்டா?” என்பார். அந்த ஆள் அருவியை மறந்து பிள்ளையோடு நழுவிவிடுவார். பிறந்தநாளுக்கு அண்ணாச்சியை அழைப்பதைத் தெருவே நிறுத்திவிட்டது. கேக் வெட்டுகிற பிள்ளையின் கை நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தால் யார்தான் கூப்பிடுவார்கள்?

என் மகள் ஆனந்திக்குப் பத்து முடிந்ததும் என்னைப் பிடித்தார். எனக்கு எரிச்சல்.

“குச்சி மாதிரி இருக்கா அண்ணாச்சி. குடும்பத்துல யாருக்காவது இருந்தாத்தான் பாக்கணும்னு டாக்டரே சொல்லுதாரு.”

“சரி வே, உம்ம அப்பா எதுல போனாரு?”

“வாயு பிடிச்சு. நாப்பத்திரண்டு வயசுல.”

“பெரியப்பா?”

“அவரும் வாயுதான்.”

“உம்ம வீட்டுல மட்டும் காத்து அப்படியா அடிக்கி? நெஞ்சுவலின்னு ஒருத்தரும் சொல்லமாட்டியளோ?”

எனக்கு அப்போது நாற்பத்தொன்று.

மறுநாள் காலையிலேயே ஆனந்தியைக் கூட்டிப்போனேன். அண்ணாச்சி ஊசியை எடுக்குமுன் அவள் விரலை மோந்து பார்த்தார். “நெய் மணக்குதே!”

வீட்டுக்கு போன் போட்டால் என் மனைவி, “பிள்ள பசி தாங்காதுன்னு ரெண்டே ரெண்டு இட்லிதான் குடுத்தேன். அதெல்லாம் ஒரு சாப்பாடா?” என்கிறாள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு எங்களைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த நாள் எடுத்ததில், குச்சிப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு இருந்தது. எனக்கும் எடுத்தார். எனக்கு அதைவிட அதிகம். இது பரம்பரையாக வருவது என்று சொல்லி, டாக்டர் இருவருக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். அப்பாவைக் கொண்டுபோன வாயு எது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதுவிட்டேன்.

எல்லாப் பிள்ளைக்கும் பார்க்கத்தான் வேண்டுமா? இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கூடியிருந்ததற்கே பயந்து, மகனுக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திய தாயும் இதே தெருவில் உண்டு. அண்ணாச்சியே போய்ச் சத்தம்போட்டு, பாலைக் காய்ச்ச வைத்தார். ஆனால் ‘குடும்பத்தில் யாருக்காவது உண்டா?’ என்று கேட்டால், மாரடைப்பையெல்லாம் வாயு என்று சொல்லியே தூக்கிப்போன குடும்பம் என்ன பதில் சொல்லும்?

போன மாதம் எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆனது. அப்பா தொடாத வயது. அண்ணாச்சி ஒருத்தரை மட்டும் வீட்டுக்கு அழைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “சாப்டாச்சா அண்ணாச்சி?” என்றேன்.

“வெறுவயிறாத்தான் வந்திருக்கேன். எலையப் போடும்” என்றார்.