உள்ளேனின் சொந்தக் குரல்

செல்போன் வந்த நாளிலிருந்து சொந்தக் குரலில் ஒருத்தருக்கும் போன் பேசாத ஆள் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் வகுப்பு உள்ளேன் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். பரிசு வாங்கிய செய்தியைக்கூட வேறு யார் குரலிலாவதுதான் நமக்குச் சொல்வான். அப்பேர்ப்பட்டவனுடைய தொண்டையில் கத்தி வைக்க வேண்டும், அப்புறம் பழைய குரல் வருமா என்பது சந்தேகம்தான் என்று மதுரை டாக்டர் சொன்னபோது எங்கள் வகுப்பு மொத்தமும் ஆடிப்போய்விட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் அந்தத் தொண்டை செய்த அட்டூழியங்களைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

சாணார்பட்டிப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் பத்தாம் வகுப்பு. தமிழய்யா காலையில் வந்ததும் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார். நாங்கள் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். மாங்காய் சீசனில் பாதிப் பையன்கள் நத்தம் பக்கம் தோப்பு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் எங்கள் வகுப்பில் ஒருத்தருக்கும் ஆப்சென்ட் விழாது. கடைசி பெஞ்சில் இவன் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு, வராத அத்தனை பேருக்கும் அவரவர் குரலிலேயே "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருப்பான். மூக்கடைத்தவனுக்கு மூக்கடைத்த உள்ளேன், திக்குபவனுக்குத் திக்கும் உள்ளேன். எனக்கு அம்மை போட்டிருந்த வாரம் என் கீச்சுக் குரலிலும் சொல்லியிருக்கிறான். அம்மை இறங்கிப் பள்ளிக்கூடம் போனால், "ஏம்மா விஜயா, தினமும் வந்த பிள்ள எப்பம்மா இம்புட்டு இளைச்ச?" என்று தமிழய்யா கேட்கிறார்.

கடைசியில் ஒருநாள் இவனுக்கே வினை வந்தது. தமிழய்யா இவன் பெயரை வாசித்தார். இவனும் ஒழுங்காகத் தன் சொந்தக் குரலில் "உள்ளேன் ஐயா" என்றான்.

"யார்றா அது, அவனுக்குப் பதிலாச் சொல்றது?" என்றார் தமிழய்யா, தலையைத் தூக்காமலே.

"ஐயா, நாந்தேன் ஐயா."

"அவன் கொரலு எனக்குத் தெரியாதா? ஏமாத்துறியா?" என்று ஆப்சென்ட் போட்டுவிட்டார். எங்கள் வகுப்பு வரலாற்றில் விழுந்த ஒரே ஆப்சென்ட் அதுதான். அன்றையிலிருந்து அவன் பெயர் உள்ளேன். அப்பா அம்மா வைத்த பெயரை அவன் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தபோது, மாப்பிள்ளை மாறிவிட்டதோ என்று நான் ஒரு நிமிஷம் பதறிப்போனேன்.

இப்போது நாங்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். எனக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. உள்ளேன் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறான். அவன் "மல்லி மல்லி மல்லி" என்று தொண்டையைத் திறந்தால், சம்பங்கி வாங்க வந்தவன்கூட மல்லியை வாங்கிக்கொண்டு போவான். மினிபஸ் ஓட்டும் பாண்டி எங்கள் பழைய வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து அத்தனை பேர் நம்பரையும் அதில் சேர்த்தான். அந்தப் புண்ணியவான் செய்த ஒரே தப்பு, உள்ளேனையும் சேர்த்ததுதான்.

ஏலம் முடிந்து சாவகாசமானதும் உள்ளேன் ஆரம்பித்துவிடுவான். தினம் ஒரு ஆள், தினம் ஒரு குரல். நம்பரையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவான். பூ வாங்க வந்தவர்களிடமெல்லாம், "அண்ணே, செத்த நேரம் போனக் குடுங்க" என்று வாங்கிக்கொள்வான் போலிருக்கிறது. மீட்டர் பார்க்க வந்தவர், கல்யாண மண்டப மேனேஜர், ஜோசியர் என்று யாராகவாவது பேசுவான். அவன் வாயால் "உள்ளேன் ஐயா!" என்று கத்துவதற்குள் நாம் அவனைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்கு ஜெயம். இல்லையென்றால் மார்க்கெட்டு வாசல் டீக்கடையில் அவனுக்குப் பருப்பு வடை வாங்கித்தர வேண்டும். ஒருத்தரும் ஜெயித்ததில்லை. அவன் தொப்பை முழுக்க எங்கள் தோல்விதான்.

பாண்டிக்கு சினிமாக் கம்பெனிக்காரன் குரலில் போன் போட்டான். "கதாநாயகிக்கு அப்பா வேஷம் சார். உங்க மீசையப் பத்தி நெறயக் கேள்விப்பட்டோம்" என்றிருக்கிறான். மறுநாள் பாண்டி மீசைக்கு மை அடித்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மலைக்கோட்டை அடிவாரத்தில் போய் நின்றான். வெயிலில் மை கரைந்து வாய்க்குள் இறங்கும்வரை நின்றான். அப்புறம் போன் அடித்தது. "உள்ளேன் ஐயா!"

இதனால் என்ன ஆயிற்றென்றால், எங்கள் வகுப்பில் ஒருத்தரும் எந்தப் போனையும் நம்புவதில்லை. அதில் மாட்டியது நான்.

என் மகளுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வரன் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதிலே இல்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது உள்ளேனுக்கும் தெரியும். ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? நான் மாப்பிள்ளையோட அம்மா பேசறனுங்க. நம்ம பையனுக்குப் பொண்ணை ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் வயிற்றெரிச்சலில் விளையாடலாமா?

"ஏலே, நாசமாப் போறவனே! பொம்பளக் கொரலா போடுற? அதுவும் கொரலா அது, தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டுன மாதிரி! வையிடா போன! மார்க்கெட்டுக்கு வந்து வெளக்கமாத்தால சாத்துவேன்!"

பிறகு மெல்ல, "சரிங்க, வெச்சுடறனுங்க" என்று ஒரு குரல்.

பாக்கித் திட்டையும் திட்டிவிடலாம் என்று உள்ளேனைக் கூப்பிட்டேன். பின்னால் மார்க்கெட்டு இரைச்சல். "என்னா புள்ள? காலைலருந்து ஏலத்துல நிக்கிறேன். ஒருத்தருக்கும் போனு போடலயே" என்றான்.

"ஐயோ போச்சே! என் மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனேடா!" என்று கடையென்றும் பாராமல் அழுதேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் சில்லறை கேட்காமலே போய்விட்டார்கள்.

"அழுகாத. அந்தம்மா நம்பரக் குடு. நான் பேசிக்கிறேன்."

கொடுத்தேன். வேறு வழி? அரை மணி கழித்து சம்பந்தியம்மாளே கூப்பிட்டார். "ஏனுங்க, நீங்க இப்படி அழுவாச்சியா மன்னிப்புக் கேக்கோணுமா? யாரோ போன்ல தொந்தரவு பண்றானாக்கும், அவன்னு நெனச்சுப் பேசிட்டீங்க. அதுல என்னங்க தப்பு? நாளைக்கே தட்டு மாத்திக்கலாமுங்க."

நான் எப்போது அழுவாச்சியாக மன்னிப்புக் கேட்டேன்? அப்புறம்தான் விளங்கியது. படுபாவி என் குரலிலேயே பேசியிருக்கிறான்!

அதோடு விட்டானா? நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டு எங்கீங்க? நலுங்குப் பாட்டு நல்லாப் பாடுவேன்னு சொன்னீங்களே?" எனக்கும் பாட்டுக்கும் ஜென்மப் பகை. மகளுக்காகப் பாடினேன். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் மைக்கில்தான் கோளாறு என்று எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்த உள்ளேனுக்குப் புரையேறியது. "போன்ல உங்க கொரல் இன்னும் நல்லா இருந்துச்சுங்க" என்றார் சம்பந்தியம்மாள். இன்றுவரை நான் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். ஒரு போன் வந்தது. "ஹலோ, நாங்க ரேசன் கடையிலருந்து..." என்று ஆரம்பித்த குரல் நடுவிலேயே உடைந்தது. நான் விளையாட்டாக, "ஏலே உள்ளேன், மாட்னியா!" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று கடையில் நின்று ஒரு குதிகூடக் குதித்தேன்.

"ஆமா புள்ள. எந்தக் கொரலப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது" என்றான். அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

ஏலம் கூறிக் கூறிக் குரல் நாணில் கட்டி வந்திருக்கிறது. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றுவிட்டார் டாக்டர். எடுத்த பிறகு பல நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அப்புறம் வருகிற குரல்தான் குரல் என்றும் சொன்னார். ஏலக்காரனுக்கு அது சோறு. எங்களுக்கோ அவனிடம் அந்தக் குரலைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தபோது பாண்டி மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு, ஏறியிருந்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். ஆனால் உள்ளேன் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் போன்கள் செத்துக் கிடந்தன. நிஜமான மீட்டர்க்காரர் கூப்பிட்டபோது நான் ஆசையாக, "ஏலே, நீதானே?" என்று கேட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யார் ஆரம்பித்தார்களோ, குரூப்பில் காலை வேளையில் ஒருத்தர் அவன் பெயரை வாசித்து ஆடியோ போடுவார். அவனுக்குப் பதிலாக இன்னொருத்தர் "உள்ளேன் ஐயா" என்று பேசிப் போடுவார். அவன் குரலில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பாண்டி சொன்னது மினிபஸ் ஆரன் மாதிரி இருந்தது. நான் சொன்னது நலுங்குப் பாட்டைவிட மோசம் என்று என் வீட்டுக்காரரே சொன்னார். எத்தனையோ பேருக்காக அவன் ஒருத்தன் சொன்னான். அவன் ஒருத்தனுக்காக எங்கள் அத்தனை பேராலும் சொல்ல முடியவில்லை. உள்ளேன் பெண்டாட்டி லட்சுமி என்னைக் கூப்பிட்டு, "யக்கா, போதும்க்கா. இவரு சத்தம் வராமச் சிரிச்சே கட்டில ஒடைக்கப் போறாரு. டாக்டரு சிரிக்கவும் கூடாதுன்டாரு" என்று கெஞ்சினாள்.

அப்படியே நாள் ஓடியது. ஒருநாள் காலையில் கடையைத் திறந்து மிஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம்.

"ஹலோ, ஜெராக்ஸ் கடைங்களா?" சொரசொரவென்று, அடித்தொண்டையில் ஒரு குரல். உப்புத்தாளை உரசினது போல இருந்தது. முன்னே பின்னே நான் கேட்டதே இல்லை. "ஆதார் கார்டு கலர்ல எடுக்கணும். எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க?"

"ராத்திரி வரைக்கும் இருப்போம் சார். கொண்டு வாங்க" என்றேன்.

"லேமினேசனும் போடணும்."

"போட்டுரலாம் சார். நீங்க எந்த ஊரு?"

"அகரம்." குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. செருமினான். பிறகு, தன்னால் முடிந்த மட்டும் கத்தினான். "உள்ளேன் ஐயா!"

"அடப்பாவி!" என்று நானும் கத்தினேன். "நீயாடா? நாசமாப் போறவனே, நான் யாரோ அகரத்துக்காரருன்னு நெனச்சுப்புட்டேனே!"

அவன் சிரித்தான். சிரிப்பும் சொரசொரதான். "இது எவன் கொரலும் இல்ல புள்ள. இதுதேன் இனிமே என் கொரலு. ஏலம் கூற ஆகாதுன்டாரு டாக்டரு. மொதலாளி தராசுல ஒக்காரச் சொல்லிட்டாரு." அப்புறம் கேட்டான், "நெசமாவே தெரியலயா?"

"சத்தியமாத் தெரியலடா."

"அப்ப வட எடுத்துவையி" என்று வைத்துவிட்டான். நான் மிஷினைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வடையை வாங்கிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனால், அங்கே எனக்கு முன்னால் பாண்டி நிற்கிறான், கையில் வடைப் பொட்டலம். அவன் பின்னால் எங்கள் வகுப்பில் இன்னும் நாலைந்து பேர், ஆளுக்கொரு பொட்டலம். எல்லோருக்கும் போன் வந்திருக்கிறது. எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். தராசுக்குப் பக்கத்தில் மல்லிகைக்குச் சமமாக வடை குவிந்தது.

உள்ளேன் வடையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். "ஏலே, இம்புட்டுப் பேருல ஒருத்தருக்குக்கூடவா தெரியல?" என்றான் அந்தப் புதுக் குரலில்.

"எவனுக்குத் தெரியும்? எவனோ சளி புடிச்சவன்னு நெனச்சேன்" என்றான் பாண்டி, மீசையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மற்றவர்கள் விஷயம் எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. எனக்கு மட்டும், "ஹலோ" சொல்வதற்கு முன்னால் அவன் ஒரு மூச்சு இழுத்தானே, அதிலேயே தெரிந்துவிட்டது.