ஏணியோடு போன மச்சான்

அன்பும் அதைவிடக் கூடுதலாகக் கோபமும் உள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதுவது. உன் அக்காவைத் தவிர எல்லாரும் என்னோடு பேசும் அளவுக்கு இங்கே நலம். நீ போனை எடுப்பதில்லை என்பதால் தபாலில் வருகிறேன்.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்த அன்று வாசலில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோமே, அதில் பின்னால் ஏணிமேல் பெயின்டர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். ரிட்டயர் ஆனபின் கம்ப்யூட்டர் கற்றவன் சும்மா இருப்பேனா? வேண்டாத ஆளைச் சுற்றிக் கோடு போட்டால் ஆளையே காணாமல் செய்யும் சாப்ட்வேரில் அவரை எடுத்தேன், போய்விட்டார். ஏணி மட்டும் எதற்கு என்று அதையும் சுற்றிக் கோடு போட்டேன். நீ அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். ஏணி எங்கே முடிகிறது, மச்சான் எங்கே தொடங்குகிறான் என்று அதற்குத் தெரியவில்லை. சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. நானோ பெயின்டர் இருந்த இடத்தையே பார்த்துப் பூரித்துப்போய், பழைய படத்தின் மேலேயே சேவ் செய்து, பெரிதாகப் பிரின்ட் போட்டு, பிரேம் மாட்டி, ஹாலில் தொங்கவிட்டு உன் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என் தோள்ல என்னது?"

"விரல்."

"யாரோட விரல்?"

"உன் தம்பியோடதுதான்."

"மீதி எங்க?"

பெயின்ட் அடித்த அன்றைக்குத்தான் நீ சுவரைப் பார்த்து, "இந்தப் பச்சை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு அத்தான்" என்றாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அப்ப உடம்பு சரியில்லாதப்ப வந்தா போதும்" என்றேன். போனவன்தான் நீ. ஆகவே வேண்டுமென்றே உன்னை அழித்தேன் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். "மனசுல இருந்தது கைக்கு வந்துடுச்சு" என்றாள். அதோடு சரி. தட்டு வருகிறது, தண்ணீர் வருகிறது, பேச்சு வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். உன் வேறு படம் ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். அதில் நீ உட்கார்ந்திருக்கிறாய். நாற்காலி இல்லாமல் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பது இன்னும் விகாரமாக இருந்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அதே கட்டம் போட்ட சட்டையில் வந்து அதே இடத்தில் நில். எடுத்து ஒட்டிவிடுகிறேன். பச்சையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல், வாயே திறக்கமாட்டேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
படத்தில் தவிர வேறெங்கும் உன்னை விட்டுவிடாத
அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். படம் எடுத்தவளே அவள்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. அசல் அவளிடம் பத்திரமாக இருக்கிறதாம், அனுப்பியும் விட்டாள். பெயின்டர், ஏணி, நீ, எல்லாரும் அப்படியே. இனி ஒட்டுகிற வேலை இல்லை. ஆனால் உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேசிவிடுவாள், நீ வர ஒரு காரணமும் மிஞ்சாது. நீ வாசலில் வந்து நின்ற பிறகு சொல்லிக்கொள்கிறேன். அதுவரை பேச்சில்லாமலே சாப்பிடுகிறேன்.